குழாய் போட்ட சூரியன்

திண்டிவனத்தில் கடலை மில்லுக்கு மல்லாட்டை உடைக்கப் போகிற ராஜாமணிக்கு ஒரு புள்ளி நேராக வைக்க வராது. வாய் மட்டும் தெருவை அடைக்கிற கோலம். பொங்கலுக்கு மாதர் சங்கத்துக் கோலப்போட்டியில் எவர்சில்வர் குடம் பரிசு. வருசா வருசம் எவளோ ஒருத்தி அதைத் தூக்கிக்கினு போவதைப் பார்த்து வயிறு எரிந்தவள் அவள். இந்த வருசம் குடம் அவளுக்கு வேண்டும்.

சும்மா இருப்பாளா? விழுப்புரம் போய்த் தகர வேலை செய்கிற பாண்டுரங்கனிடம் கோலக்குழாய் வாங்கி வந்தாள். தகரக்குழாய், மேலெல்லாம் ஊசி ஓட்டை. மாவைக் கொட்டி உருட்டினால் வட்ட வட்டமாகச் சூரியன் விழும். போட்டியன்று விடியற்காலையில் தெரு நீளத்துக்கும் உருட்டினாள்.

நடுவர் நடராசன், வக்கீல் குமாஸ்தா. தெரு முகப்பிலேயே நின்று, "இதாம்மா கோலம்! ஒண்ணுபோல ஒண்ணு!" என்று குடத்தை நீட்டினார்.

பொங்கல் வியாபாரத்துக்கு வந்து அங்கேயே குழாய் விற்றுக்கினு நின்ற பாண்டுரங்கன் ஓடி வந்தான். "சார், அது என் சூரியன்! ஓட்டையெல்லாம் நான் குத்தினது. குடம் எனக்கு!"

"போய்யா! மாவு என்னுது, உருட்டின கை என்னுது."

"படம் யாருதும்மா?"

"காசு குடுத்தேனில்ல? குழாயோட சூரியனும் வந்துடுச்சி."

நடராசன் தொண்டையைச் செருமினார். கோர்ட்டு வராண்டாவில் காதில் விழுந்ததையெல்லாம் எடுத்துவிட ஆள் கிடைத்த சந்தோசம் அவருக்கு. "காப்பிரைட்டுன்னு ஒண்ணு இருக்குது. குழாயை வாங்குறது வேற, படத்தை வாங்குறது வேற. படைச்சவங்க யாரு, அதான் கேள்வி." குடம் அவர் கக்கத்துக்கே திரும்பியது.

அந்த நேரம் பார்த்துத் தெருக்கோடியிலிருந்து போலீஸ்காரர் வந்தார். அடுத்த வாரம் எலெக்சன். பனியில் நமுத்த மாவு பாதி ஓட்டையை அடைத்துவிட்டதில், அந்தக் கோடியில் விழுந்ததெல்லாம் பாதிச் சூரியன். கதிரும் அதுவுமாக, அச்சு அசல் கட்சிச் சின்னம்.

"ஓட்டு நேரத்துல தெருவுல சின்னம் போட்டது யாரு?"

"நான் ஓட்டைதாங்க குத்தினேன். உருட்டினது இந்தம்மா" என்றான் பாண்டுரங்கன்.

"எனக்கு என்னாங்க தெரியும்? குழாய்தானே போட்டுச்சி!" என்றாள் ராஜாமணி.

இத்தனை நேரம் பெற்றவர்கள் இரண்டு பேர். இப்போது சூரியன் அநாதை.

"யாருமே போடலன்னா பரிசும் யாருக்கும் இல்ல." நடராசன் குடத்தோடு சைக்கிள் பக்கம் நடந்தார்.

ராஜாமணிக்குப் பொறுக்கவில்லை. கேஸ் போட்டால் போடட்டும்! "யோவ், நில்லுய்யா! நான்தான் போட்டேன். குடத்தக் குடு!"

போலீஸ்காரர் சிரிக்கவில்லை. "போட்டது நீன்னா அழிக்கிறதும் நீதாம்மா. ஜல்தி!"

குடத்தைப் பிடுங்கி இடுப்பில் வைத்தாள். அடிபம்பில் தளும்பத் தளும்ப அடித்து வந்து கோடியிலிருந்து கழுவ ஆரம்பித்தாள். பாண்டுரங்கன் வாய் பிளந்து நின்றான்.

"என்னா பாக்குற? என் சூரியன், நான் கழுவுறேன். தள்ளு!"