கோல்கீப்பர் அவர்களின் கவனத்திற்கு

இசைவாணிக்குப் பாட்டு வராது. பெயர் வைத்த அப்பாவே அதை ஒப்புக்கொண்டு, ஆறாம் வகுப்போடு பாட்டு டீச்சரை நிறுத்திவிட்டார். ஆனால் குரல் இருந்தது. கடலூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு விளம்பரக் கம்பெனி நடத்தும் மைக் அறையில் அவளுக்கு வேலை. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று அவள் ஆரம்பித்தால் பூக்கடைக்காரம்மாகூட ஒரு கணம் முழம் போடுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். பண்ருட்டி பஸ், ஜவுளிக்கடைத் தள்ளுபடி, காணாமல் போன குழந்தை, எல்லாவற்றையும் ஒரே நிதானத்தில் சொல்லுவாள். விருத்தாசலம் பஸ் கிளம்பும் நேரத்தில் ஒரு மாடு மைக் அறைக்குள் தலையை நீட்டியபோதும் அந்த நிதானம் போகவில்லை. "மாட்டின் உரிமையாளர் எங்கிருந்தாலும் உடனடியாக வரவும்" என்றுதான் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவள் வேறு ஆள். அன்றைக்குக் கெடிலம் யுனைடெட் ஆடும்.

கெடிலம் யுனைடெட் ஒன்றும் பெரிய கிளப் இல்லை. கடலூர்ப் பையன்கள் கொஞ்சம் பேர், ஒரு கோச், நீலமும் வெள்ளையுமாய் ஒரு ஜெர்சி, அவ்வளவுதான். வருஷா வருஷம் கடலோரக் கோப்பையில் கலந்துகொள்வார்கள், வருஷா வருஷம் பாதியில் தோற்று வருவார்கள். ஆனால் தோற்கிற கிளப்புக்கு ஏற்ற ரசிகர்களா அவர்கள்? செல்போன் கடை வைத்திருக்கும் அப்துல் மாலிக் ட்ரம் அடிப்பார். வளைகுடாவில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்தவர், அங்கே பார்த்த ஸ்டேடியங்களைப் பற்றி யார் கேட்காவிட்டாலும் சொல்லுவார். அவர் ட்ரம்முக்கு இசைவாணி ஆடுவாள், கத்துவாள், துப்பட்டாவைச் சுழற்றுவாள். பக்கத்தில் அவள் புருஷன் சபாபதி நிற்பான். அங்கேதான் சிக்கல்.

சபாபதி சிதம்பரத்துக்காரன். கல்யாணத்துக்கு அப்புறம் கடலூருக்கு வந்தவன், ஸ்கூல் வேன் ஓட்டுகிறான். வீட்டில் பூனை பாலைக் குடித்துவிட்டால் "பசிச்சிருக்கும்" என்று பூனைக்காகப் பேசுவான். ஆனால் மைதானத்துக்குள் கால் வைத்தால் போதும், அவன் வாயிலிருந்து வரும் வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. ரெஃபரியின் அம்மாவில் ஆரம்பித்து அவருடைய கொள்ளுப்பாட்டன்வரை போவான். கிளப் மாறி வந்தவன் என்று யாரும் சந்தேகப்படக் கூடாது என்பதற்காகவே இரண்டு மடங்கு திட்டுகிறான் என்று இசைவாணிக்குத் தோன்றும்.

இந்த வருஷம் அதிசயம் நடந்தது. கெடிலம் யுனைடெட் அரையிறுதியில் ஜெயித்துவிட்டது. ஜெயிப்பதற்குச் சற்று முன்னால் லைன்ஸ்மேன் ஆஃப்சைடு கொடியைத் தூக்க, சபாபதி அத்தனை வார்த்தைகளையும் கொட்டிவிட்டு, போதாதென்று செருப்பையும் கழற்றி வீசினான். செருப்பு லைன்ஸ்மேனைத் தாண்டிப் போய்க் கெடிலம் யுனைடெட்டின் சொந்த மாற்று ஆட்டக்காரர் மடியில் விழுந்தது.

கோப்பையை நடத்துகிறவர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள். இறுதிப் போட்டி சிதம்பரத்தில், சிதம்பரம் வெள்ளாறு அணியோடு. கடலூர்ப் பக்கத்திலிருந்து ஒரே ஒரு கெட்ட வார்த்தை கேட்டாலும் அத்தனை ரசிகர்களும் வெளியே.

அதைப் பேசத்தான் கடலூர் செம்மண்டலத்தில் மாலிக் கடையின் மொட்டை மாடியில் கூடினார்கள். செக்ரட்டரி ஜெயசீலன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ரெண்டு விஷயம்" என்றார். "மொதல்ல நல்ல விஷயம். தேன்மலர் குல்ஃபி ஓனர் வினோத்குமார் ஜெர்சி, பூட், வேன் எல்லாம் அவரே தர்றேங்கறாரு. கிளப் பேர மட்டும் தேன்மலர் குல்ஃபி கிங்ஸ்னு மாத்தணுமாம். ஜெர்சி பிஸ்தா கலர்."

 எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"குல்ஃபி கிங்ஸா? வெயில்ல உருகிடுவோம்னு எதிர் டீம்காரன் கத்துவானே சார்!"

"பிஸ்தாவப் போட்டுக்கிட்டு புல்லுமேல ஓடினா நம்ம ஆளு யாருன்னு நமக்கே தெரியாது!"

"நான் தோஹாவுல இருந்தப்ப..." என்று மாலிக் ஆரம்பித்தார்.

"பாய் கெளம்பிட்டாரு" என்றார்கள் எல்லோரும்.

"கேளுங்கப்பா" என்றார் ஜெயசீலன். "அவுரும் ஒரு கண்டிஷன் போடறாரு. பொம்பளைங்க, புள்ளைங்க வந்து பாக்கற மாதிரி இருக்கணுமாம். இப்ப நாம பேசற பேச்சுக்கு, குல்ஃபிக்கே கெட்ட பேரு வந்துடுமாம்."

விவாதம் அந்தப் பக்கம் திரும்பியது. திட்டாமல் மேட்ச் பார்ப்பதற்கு வீட்டில் டிவியிலேயே பார்க்கலாமே என்றான் ஒருவன். அம்மா, அக்கா, தங்கச்சியை விட்டுவிட்டு மற்ற உறவுகளைத் திட்டிக்கொள்ளலாமா என்று இன்னொருவன் அனுமதி கேட்டான். சித்தப்பா எந்தக் கணக்கில் வருவார் என்பதில் கொஞ்ச நேரம் போனது.

இசைவாணி எழுந்தாள். "நான் வாரம் முழுக்க மெதுவாப் பேசறவ. ஒருநாளு கத்தலாம்னு வர்றேன். பக்கத்துல நிக்கறவன் பேசறதக் கேட்டா காத மூடிக்கணும். காத மூடினா கை தட்ட முடியல. எப்பிடித்தான் மேட்ச் பாக்கறது? இதுல பாதி பேசறது எங்க வீட்டுக்காரரு."

சபாபதி தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒதுங்கப் பார்த்தான். "வார்த்த தானா வருது" என்றான்.

"ஸ்கூல் வேன்ல தானா வரலியே?"

மாடியே சிரித்தது. சபாபதியும் சிரித்துவிட்டான்.

"சரி, திட்டல. அப்ப என்னாதான் சொல்றது?" என்றார் மாலிக். "தங்கச்சி, பஸ் ஸ்டாண்டுல சொல்ற மாதிரி நீயே ஒண்ணு சொல்லிக் காட்டேன்."

அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். இசைவாணியும் யோசிக்கவில்லை. முதுகை நிமிர்த்தி, மைக் அறைக் குரலை எடுத்தாள். "லைன்ஸ்மேன் அவர்களின் கனிவான கவனத்திற்கு. தங்கள் கையிலுள்ள கொடி காரணமின்றி நீண்ட நேரமாக மேலேயே உள்ளது. உரியவர் உடனடியாக இறக்கிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறோம்."

எதிர்வீட்டு மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த அம்மாள்கூடக் கை தட்டினாள். அதற்கப்புறம் ஆளாளுக்கு ஒன்று சொல்ல, சிரிப்பில் ஜெயசீலனின் மூக்குக் கண்ணாடி கழன்று விழுந்தது. தீர்மானம் நிறைவேறியது. இனிமேல் எதைச் சொன்னாலும் அறிவிப்பாகத்தான் சொல்ல வேண்டும். மீறி யாராவது திட்டினால், அவர் ஒரு மாதம் பிஸ்தா கலர் சட்டை போட வேண்டும். பேர் மாற்றும் விஷயத்தை இறுதிப் போட்டி முடிந்து பார்த்துக்கொள்வோம் என்று தள்ளிவைத்தார்கள்.

அந்த வாரம் முழுக்கச் சபாபதி பழகினான். கண்ணாடி முன்னால் நின்று, "நடுவர் அவர்களே, தாங்கள்..." என்று ஆரம்பிப்பான். முகம் சிவக்கும். அதற்கு மேல் வராது. இசைவாணி சமையலறையில் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவாள்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு வேன் நிறையச் சிதம்பரம் போய் இறங்கினார்கள். மைதானத்தின் எதிர்ப்பக்கத்தில் எவர்சில்வர் தட்டும் கரண்டியுமாய் முதல் வரிசையில் நின்றவள் மகேஸ்வரி. சபாபதியின் அக்கா. சிதம்பரத்தில் மெஸ் நடத்துகிறாள். தம்பி கடலூர் அணிக்குப் போனதை அவள் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் தம்பி பெண்டாட்டியிடம் அவளுக்குக் கொள்ளைப் பிரியம்.

ஆட்டம் ஆரம்பித்தது. சிதம்பரத்தின் ஏழாம் நம்பர் ஆட்டக்காரர் பந்தைத் தவறவிட்டார். இசைவாணி மெகாபோனை எடுத்தாள்.

"ஏழாம் நம்பர் ஆட்டக்காரர் கவனத்திற்கு. தாங்கள் தவறவிட்ட பந்து எங்கள் ஆட்டக்காரரிடம் பத்திரமாக உள்ளது. தக்க அடையாளம் கூறிப் பெற்றுக்கொள்ளவும்."

மைதானம் முழுக்கச் சிரிப்பு பரவியது. சிதம்பரத்துக்காரர்களே சிரித்தார்கள். ஏழாம் நம்பர் பையன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தான். கொஞ்ச நேரத்தில் சிதம்பரம் ஒரு கோல் போட்டது. மகேஸ்வரி தட்டைத் தட்டிக்கொண்டு கத்தினாள். "கடலூர் பயணிகள் கவனத்துக்கு! ஒங்க பஸ்ஸு பஞ்சரு!" எதிர்ப்பக்கப் பெண்கள் எல்லாம் "பஞ்சரு, பஞ்சரு" என்று குதித்தார்கள். இசைவாணிக்குச் சிரிப்பில் வயிற்றைப் பிடித்துக்கொண்டது. கோல் வாங்கிய வருத்தமே தெரியவில்லை.

இடைவேளைக்கு அப்புறம் ஒன்று நடந்தது. சிதம்பரம் கோல்கீப்பர் சின்னப் பையன். பந்து மைதானத்தின் நடுவில் இருந்தது. அவன் கோலுக்கு முன்னால் முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தான். அவன் இடது ஷூவின் லேஸ் அவிழ்ந்து தரையில் இழுபடுவதை இசைவாணி பார்த்தாள். பஸ் ஸ்டாண்டில் யாருடைய முந்தானையாவது படியில் மாட்டப் போனால் எப்படிச் சொல்லுவாளோ அப்படித்தான், கை தானாக மெகாபோனைத் தூக்கியது.

"கோல்கீப்பர் அவர்களின் கவனத்திற்கு. தங்களது இடது ஷூ லேஸ் அவிழ்ந்துள்ளது. பாதுகாப்பாகக் கட்டிக்கொள்ளவும்."

பையன் சட்டென்று குனிந்தான். அதே நேரத்தில் கெடிலம் யுனைடெட்காரன் ஒருவன் தூரத்திலிருந்து பந்தை ஓங்கி உதைத்தான். பந்து பையனின் குனிந்த முதுகுக்கு மேலே போய், வலையில் விழுந்தது.

ரெஃபரி கோல் கொடுத்துவிட்டார். கடலூர்ப் பக்கம் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து எழுந்தார்கள். சிதம்பரம் பக்கம் கொந்தளித்தது. "ஏமாத்து!" என்று கத்தினார்கள். சில பேர் இசைவாணியைப் பார்த்து வேறு வார்த்தைகளும் சொன்னார்கள்.

சபாபதியின் கழுத்து நரம்பு புடைத்தது. மாலிக் ட்ரம்மை நிறுத்தினார். கடலூர் ரசிகர்கள் அத்தனை பேரும் பந்தை விட்டுவிட்டு அவன் வாயைப் பார்த்தார்கள். வாய் திறந்தது. 

"சிதம்பரம் ரசிகப் பெருமக்களே!" என்று அலறினான். "நீங்க எல்லாரும்... உங்களோட... அந்த வாய... கனிவா மூடிக்கோங்க!"

 எதிர்ப்பக்கத்தில் மகேஸ்வரியின் கையிலிருந்து கரண்டி விழுந்தது. "டேய் சபா, நீயாடா பேசுன?" என்று அவள் சிரிக்க ஆரம்பித்ததும், திட்டியவர்களும் சேர்ந்து சிரித்தார்கள்.

இசைவாணி மட்டும் சிரிக்கவில்லை. மெகாபோனை மாலிக்கிடம் கொடுத்துவிட்டாள். "நான் வேணும்னு சொல்லல பாய்."

"எனக்குத் தெரியும். ஆனா ஒருத்தனும் நம்ப மாட்டான். பேசாம நில்லு."

அவளால் நிற்க முடியவில்லை. மைதானத்தைச் சுற்றிக்கொண்டு கோல் வலைக்குப் பின்னால் போனாள். "தம்பி, நெசமாவே அவுந்திருந்துச்சுப்பா" என்றாள் மூச்சு வாங்க.

பையன் திரும்பாமலே சொன்னான். "தெரியும்க்கா. காலையில எங்கம்மா ரெட்ட முடிச்சு போடுன்னு சொன்னாங்க. நாந்தான் கேக்கல. இப்ப போங்கக்கா, பந்து வருது."

ஆட்டம் முடியும் தறுவாயில் சிதம்பரம் இன்னொரு கோல் போட்டது. அது ஆஃப்சைடு என்று கடலூர் முழுக்கக் கையைத் தூக்கியது. லைன்ஸ்மேன் கொடியைத் தூக்கவில்லை. விசில் ஊதிவிட்டார்கள். கெடிலம் யுனைடெட் தோற்றுவிட்டது. ஒரு கெட்ட வார்த்தை வரவில்லை. சபாபதி மட்டும் ஒரு தென்னை மரத்தடிக்குப் போய், மரத்திடம் என்னவோ நீண்ட நேரம் பேசிவிட்டு வந்தான். மரத்திடம் பேசினால் குற்றமா என்று யாரும் கேட்கவில்லை.

"தோத்தவங்கள்லாம் எங்க மெஸ்ஸுக்கு வாங்க" என்று மகேஸ்வரி கூப்பிட்டாள். பொழுது சாய்வதற்குள் இரண்டு ஊர் ரசிகர்களும் அங்கே நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். இலை போட்டுச் சூடாக இட்லியும் கொத்சுவும் வந்தது. குல்ஃபி வினோத்குமாரும் வந்து சேர்ந்தார். குடும்பத்தோடு மேட்ச் பார்த்தவர். அவர் மகள் சிரித்த சிரிப்பில் மூன்று குல்ஃபி கீழே விழுந்ததாம்.

"அம்மா, எடைவேளையில நம்ம குல்ஃபியப் பத்தி நீங்க சொல்லுவீங்களா?" என்று இசைவாணியிடம் கேட்டார்.

"சொல்றேன். பேரு மாறக் கூடாது. பிஸ்தா கலரு கூடாது."

"ஜெர்சி கையில சின்னதா ஒரு குல்ஃபி படம்?"

"எவ்ளோ சின்னதா?"

அதற்கு ஒரு விவாதம். கட்டை விரல் அளவு என்று ஜெயசீலன் பேசி முடித்தார். யாருடைய கட்டை விரல் என்று மாலிக் கேட்டதை யாரும் காதில் வாங்கவில்லை.

இசைவாணிக்கு இன்னும் லேஸ் மனதை உறுத்திக்கொண்டிருந்தது. அவளே சொன்னாள். "பந்து ஆட்டத்துல இருக்கறப்ப எதிர்க் கோல்கீப்பர்கிட்ட எதுவும் சொல்லக் கூடாதுன்னு தீர்மானம் போடுங்க."

"பாம்பு வந்தா?" என்றான் சபாபதி.

யோசித்தார்கள். "பாம்பு வந்தா சொல்லலாம்" என்றாள் மகேஸ்வரி. இரண்டு ஊரும் கை தூக்கியது. இசைவாணிக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. அப்புறம்தான் அவளுக்குப் பசிக்கவே ஆரம்பித்தது.

ஆனால் அந்தக் கடைசி கோலை யாராலும் விட முடியவில்லை. மகேஸ்வரி ஒரு வாழையிலையை நடுவில் விரித்து, சட்னியால் கோடு போட்டாள். வடை சிதம்பரம் ஆட்டக்காரர். இட்லி கடலூர் டிஃபெண்டர். ஒரு கிண்ணம் கோல்கீப்பர்.

"பாருங்க, பந்து வர்றப்ப ஒங்க கடைசி டிஃபெண்டரு இங்க நின்னான். எங்க ஆளு அவனுக்கு இந்தப் பக்கம். முன்னாடி கோல்கீப்பரும் அவனுமா ரெண்டு பேரு இருக்காங்க. இது எப்பிடி ஆஃப்சைடாவும்?"

எல்லோரும் இலைமேல் குனிந்தார்கள். வடைக்கு முன்னால் இட்லி இருக்கத்தான் செய்தது. அப்போது மாலிக் கையை நீட்டி அந்த இட்லியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"பாய்! அதுதான் கடைசி டிஃபெண்டர்!" என்று இசைவாணி கத்தினாள்.

மாலிக் நிதானமாக மென்று விழுங்கினார். "இப்ப பாருங்க. ஒங்க ஆளுக்கு முன்னாடி கோல்கீப்பர் மட்டுந்தான். ஆஃப்சைடு."

மெஸ் அதிர்ந்தது. மகேஸ்வரி அசரவில்லை. ஆவி பறக்கும் இன்னொரு இட்லியை எடுத்து, அதே இடத்தில் வைத்தாள்.

"சப்ஸ்டிட்யூட்" என்றாள்.