போலீஸ் போர்டில் அவளுக்குக் கிடைத்த இடம்

அமெரிக்காவில் எங்கள் டவுனில் போலீஸ் வேலைக்கு ஆள் எடுக்கிற போர்டை மாற்ற வேண்டும் என்று முதலில் தொண்டை கிழியக் கத்தியவள் நான். ரிட்டையர்டு போலீஸ்காரர்கள் சிலர் உட்கார்ந்துகொண்டு, தங்களுக்குத் தெரிந்த வீட்டுப் பிள்ளைகளையே எடுத்துக்கொண்டிருந்தார்கள். பதவி உயர்வும் அவர்கள் கையில்தான். பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயிலிலிருந்து இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல் டவுன் கவுன்சில் மீட்டிங்குக்கு ஓடுவேன். பொதுமக்களுக்கென்று கொடுக்கும் சில நிமிடங்களில் மூச்சுவிடாமல் பேசுவேன். போர்டில் ஊர்க்காரர்களுக்கும் இரண்டு இடம் வேண்டும் என்பது என் கோரிக்கை. அதில் ஒன்று எனக்கு வேண்டும் என்பதை மட்டும் வெளியே சொல்லவில்லை.

ஒருவழியாகக் கவுன்சில் இறங்கி வந்தது. புது விதிகளுக்கு யோசனை கேட்டார்கள். கவுன்சிலில் என்னை எப்போதும் எதிர்த்துப் பேசிய முன்னாள் சார்ஜென்ட் ஒருவர் ஊர்க்காரர்களுக்கான இடத்தில் வந்து உட்கார்ந்துவிடுவாரோ என்று எனக்குப் பயம். அதனால் நானே ஒரு விதி எழுதிக் கொடுத்தேன்: இந்த விஷயமாகக் கவுன்சிலில் ஏற்கெனவே பேசியவர்கள் புதுப் போர்டில் உறுப்பினராக முடியாது. அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். சாஃப்ட்வேர் டெஸ்டிங்தான் என் பிழைப்பு. அடுத்தவர் எழுதிய புரோகிராமில் எங்கே ஓட்டை என்று பார்த்த மாத்திரத்தில் சொல்வேன். என் விதியில் நானே மாட்டிக்கொள்வேன் என்பது, என் விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்த பிறகுதான் உறைத்தது.

இடம் எதிர் வீட்டுப் பெண்ணுக்குப் போனது. கோயம்புத்தூர்க்காரி, என்னைவிடச் சின்னவள். ஒரு மீட்டிங்குக்கும் வந்ததில்லை. நம் ஆட்கள் நாலு பேர் விண்ணப்பித்தால் நன்றாக இருக்குமே என்று, "சும்மா அப்ளை பண்ணி வை" என்று சொன்னவளே நான்தான்.

"எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்க்கா. நீங்கதான் சொல்லித் தரோணும்" என்றாள்.

பொறாமையை வெளியே காட்டிக்கொள்ளவில்லை. சிரித்துக்கொண்டே, வேலைக்கு வருகிறவர்களிடம் கேட்க நான் யோசித்து வைத்திருந்த சட்டக் கேள்விகளை எல்லாம் சொல்லிக் கொடுத்தேன்.

முதல் மீட்டிங்கில், நேர்முகத் தேர்வுக்கு ஆளுக்கொரு கேள்வி முன்வைக்கச் சொன்னார்கள். கடைசி வரிசையில் நான் இருந்தேன். அவள் எழுந்து, தடுமாறித் தடுமாறி ஆங்கிலத்தில் கேட்டாள். ஒரு வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை என்று போலீஸைக் கூப்பிடுகிறார்கள். அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது. சின்னக் குழந்தை மொழிபெயர்க்கத் தயாராக நிற்கிறது. அப்பா பக்கத்திலேயே இருக்கிறார். என்ன நடந்தது என்று அந்தக் குழந்தையை வைத்துக் கேட்பீர்களா?

போர்டிலிருந்த பழைய போலீஸ்காரர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, இதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்றார். நான் சொல்லிக் கொடுத்த கேள்விகளில் ஒன்றைக்கூட அவள் தொடவில்லை. இத்தனை வருஷம் பேசிய எனக்கு இது ஏன் தோன்றவில்லை என்று நினைக்க நினைக்க அவள்மேல்தான் கோபம் வந்தது.

திரும்பும்போது கார் ஓட்டியபடியே சொன்னாள்: "அக்கா, அந்த ரூலை எடுக்கச் சொல்லி நான் பேசறனுங்க. இன்னொரு சீட்டு காலியாத்தான இருக்குது? நீங்க வந்துருங்க."

"வேண்டாம்மா. ஆபீஸ்ல வேலை ஜாஸ்தி" என்றேன்.

ஆபீசில் அப்படியொன்றும் வேலை இல்லை. அவள் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தால், எங்கள் இருவரில் அந்த வேலைக்குச் சரியானவள் யார் என்று ஊருக்கே தெரிந்துவிடும்.