மோசஸுக்கு மட்டும் புரிந்த ஸ்கிரிப்ட்

சான்டா கிளாராவில் மருத்துவக் கருவி விற்கும் ஒரு கம்பெனியின் முன்னூறு சர்வர்களுக்கும் மோசஸ்தான் காவல். பதினொரு வருஷமாக எல்லா வேலைக்கும் பெர்ல் என்ற கம்ப்யூட்டர் மொழியில் ஸ்கிரிப்ட், அதாவது சின்னச் சின்ன நிரல், எழுதி வைத்திருந்தார். விளக்கக் குறிப்பு ஒரு வரிகூடக் கிடையாது. வேண்டுமென்றேதான்! தன்னைத் தவிர யாருக்கும் புரியாதவரை தன்னை யார் வேலையைவிட்டுத் தூக்கப்போகிறார்கள் என்ற நினைப்பு. கிரீன் கார்டு இன்னும் வரவில்லை. வேலை போனால் அறுபது நாளில் அமெரிக்காவைவிட்டு மூட்டை கட்ட வேண்டும். மனிதர் பயப்படாமல் என்ன செய்வார்?

புது மேனேஜர் யாமினி அந்த நினைப்பில் மண்ணை அள்ளிப் போட்டாள். "இனிமே சர்வர் வேலைக்கெல்லாம் ஒரே லாங்வேஜ்தான். பெர்லா, பைத்தானா? வெள்ளிக்கிழமை நீங்களே டிசைட் பண்ணிச் சொல்லுங்க, மோசஸ்."

பைத்தான் ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும். அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"பெர்ல்னு சொல்லிடுங்களேன், முடிஞ்சுது," என்றாள் மனைவி ஜெயசெல்வி. "நம்ம பொண்ணு ஆன்லின் ஸ்கூல முடிக்கிற வரைக்குமாவது நாம இங்க இருக்க வேணாமா?"

சரி, பெர்ல்தான் என்று முடிவுகட்டி, மீட்டிங்கில் காட்டுவதற்காக வியாழக்கிழமை பழைய ஃபைல்களை அழிக்கும் ஸ்கிரிப்டைத் திறந்தார். பாதிக்கு மேல் என்ன எழுதியிருக்கிறோம் என்றே விளங்கவில்லை. தானே எழுதியதுதான்! வரிவரியாகத் துருவியவர் நாற்பத்தொன்றாவது வரியை மூன்று முறை படித்தார். ஃபோல்டர் பெயர் என்றைக்காவது காலியாக வந்துவிட்டால், பழைய ஃபைல்களோடு நிற்காது, சர்வரையே துடைத்துவிடும். "இயேசுவே!" என்றார் வாய்விட்டு.

சத்தமில்லாமல் திருத்திவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் இதுபோல் இன்னும் இருநூறு ஸ்கிரிப்ட் கிடக்கிறதே, அவற்றில் என்னென்ன இருக்கிறதோ?

வெள்ளிக்கிழமை மீட்டிங்கில், "பைத்தான்," என்றார்.

"ஏன்?" என்றாள் யாமினி.

"பெர்ல் மேல தப்பில்ல. யாருக்கும் புரியக் கூடாதுன்னு நான்தான் அப்படி எழுதினேன். இப்ப எனக்கே புரியல." அந்த வரியையும் காட்டினார்.

யாமினி அந்த வரியைப் படித்தாள். "இதையே ஃபர்ஸ்ட் பைத்தானுக்கு மாத்திடுங்க. கௌசிக் உங்ககூட உட்காருவார்."

மதியமே பக்கத்து டீம் கௌசிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். மோசஸ் பைத்தானில் இருபது வரி எழுதினார். ஒவ்வொன்றுக்கும் விளக்கமும் எழுதினார். கௌசிக் ஒரே ஒருமுறை படித்தான்.

"சூப்பர் மோசஸ்! எனக்கு எல்லாமே புரிஞ்சிடுச்சு."

மோசஸ் மனதுக்குள் அறுபது நாளை எண்ணத் தொடங்கினார்.