சனிக்கிழமைக்கு மாற்றப்பட்ட தீ

கோர்டன் ஓய்வு பெற்று, மனைவியையும் நாயையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு அரிசோனாவுக்குக் கிளம்பியது பிப்ரவரியின் கடைசித் திங்கட்கிழமை. அன்றைக்கே மஹ்வஷின் தீ அணைந்துவிட்டது. தீயணைப்புத் துறையில் அனுமதி கொடுக்கும் அதிகாரி கோர்டன்தான். "கடற்கரை மணல்ல சின்னச் சின்னக் குவியலா மூட்டிக்குங்க. பக்கத்துல தண்ணி இருக்கட்டும். தாராளமா தாண்டுங்க" என்று வாயால் சொன்னதோடு சரி. எழுத்தில் ஒன்றும் இல்லை.

மஹ்வஷ் ஈரானிலிருந்து வந்து அந்தக் கடலோர நகரத்தில் வெகுகாலமாகத் தையல் கடை வைத்திருப்பவள். ஈரானியப் புத்தாண்டுக்கு முந்தைய கடைசிச் செவ்வாய் மாலை தீயைத் தாண்ட வேண்டும். தாண்டும்போது உடம்பின் வெளிறலைத் தீயிடம் கொடுத்துவிட்டு, அதன் சிவப்பை வாங்கிக்கொள்ள வேண்டும். இத்தனை வருடமும் அவளும் ஊரிலுள்ள மற்ற ஈரானியர்களும் மளிகைக் கடைக்குப் பின்னால் திருட்டுத்தனமாகத் தாண்டி, தீயணைப்பு வண்டி வந்ததும் சிதறி ஓடியவர்கள்தான். இந்த வருடம் அவளால் ஓட முடியாது. குளிர்காலம் முழுக்கக் கீமோ. கண்ணாடியில் தெரியும் மெழுகு முகத்தை முறைப்படி ஒப்படைத்துவிட வேண்டும் என்றிருந்தது. அதனால்தான் நகராட்சி 'எல்லோரும் நம்மவர்' என்று விழாக்குழு அமைத்தபோது போய் உட்கார்ந்தாள்.

விழாக்களைக் கவனிக்கும் பிரெண்டா நல்லவள். அதுதான் தொல்லையே, கோபப்படவும் வழியில்லை.

"செவ்வாய்க்கிழமை சாயங்காலம் யாரு வருவாங்க? சனிக்கிழமை மத்தியானம் வெச்சுக்கலாமே."

"உங்க கிறிஸ்துமஸை ஆகஸ்டுக்குத் தள்ளிடலாமா? பார்க்கிங் நிறைய கிடைக்கும்."

பிரெண்டா வாய்விட்டுச் சிரித்தாள். சனிக்கிழமை என்றே முடிவாயிற்று. அடுத்த கூட்டத்தில், விழாவில் கொடுக்க இருந்த பிஸ்தா, பாதாம் போயின. யாருக்காவது ஒவ்வாமை வருமாம். அதற்கடுத்த கூட்டத்துக்கு, கோர்டனின் இடத்துக்கு வந்த டைலர் வந்தான். அவன் நிஜத் தீயையே எடுத்துவிட்டான்.

சனிக்கிழமை மழை தூறியது. பூங்காவில் மூன்று பெட்டிகள். உள்ளே ஆரஞ்சு விளக்கு, மின்விசிறி, படபடக்கும் பட்டுத்துணி. மேயர் ஒரு தாவு தாவினார். கைதட்டல், புகைப்படம்.

"வாங்க மஹ்வஷ், நீங்க தாண்டாம எப்படி?" என்று பிரெண்டா கையைப் பிடித்து இழுத்தாள்.

"மின்விசிறிகிட்டப் போய் நான் எதைக் கொடுக்கறது பிரெண்டா?"

பிரெண்டாவுக்கு விளங்கவில்லை. ஒரு தட்டில் சோளப்பொரி கொண்டுவந்து கொடுத்தாள்.

செவ்வாய் மாலை, அடுக்குமாடி வீட்டில், கணவன் பஹ்மன் பாவம் பார்த்துத் தரையில் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்தான். "இதையாவது தாண்டு, மஹ்வஷ் ஜான்" என்று செல்லமாகக் கூப்பிட்டான்.

"நான் என்ன எறும்பா?" என்று அதை ஊதி அணைத்துவிட்டு, அழுதுகொண்டே வெங்காயம் நறுக்கப் போனாள்.

அக்டோபரில் ஒரு நாள், யாருடைய கால்சட்டைக்கோ விளிம்பு மடித்துக்கொண்டிருந்தபோது கைப்பேசியில் பிரெண்டாவின் செய்தி வந்தது:

"மஹ்வஷ்! டைலரோட மல்லுக்கட்டி வாங்கிட்டேன். அடுத்த வருஷம் செவ்வாய்க்கிழமையே, கடற்கரையிலயே, நிஜத் தீயே! ஒரே ஒரு நிபந்தனைதான். யாரும் தாண்டக் கூடாது."