உமிரித்திடலுக்குப் பன்னிரண்டு அடிப் பாதை

முன்னறையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. இரண்டு ஆண்கள் சிரித்தார்கள். ஒன்று அளந்து சிரிக்கும் படித்த சிரிப்பு. மற்றது அதற்கு ஒத்து ஊதும் சிரிப்பு. ஒத்து ஊதுவது காக்கா, அவள் அண்ணன் ஜாபிர்தான் என்று நூர்ஜஹானுக்குத் தெரிந்தது. அடுப்பில் தேநீர் பொங்கி வழிந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை.

"நாலு லட்சம் பாய். அந்த உமிரிக் காட்டுக்கு அதுக்கு மேல ஒரு ரூபா குடுத்தாலும் அது வியாபாரம் இல்ல, தர்மம்" என்றது படித்த குரல்.

"நீங்க சொன்னா சரிதாங்க சார். அவ ஒண்ணும் பேச மாட்டா. காட்டுற இடத்துல கையெழுத்துப் போடுவா."

அவள் என்றால் இவள்தான். நிலமும் இவளுடையதுதான். தன் நிலத்துக்குத் தன்னைக் கேட்காமலே விலை நடந்துகொண்டிருப்பதை, அடுப்படியில் நின்றபடி அந்த நாற்பத்து நான்கு வயதுப் பெண் கேட்டுக்கொண்டிருந்தாள். நெஞ்சுக்குள் கொள்ளிக்கட்டை விழுந்ததுபோல் இருந்தது.

முத்துப்பேட்டைக்குக் கிழக்கே பதினைந்து கிலோமீட்டர் போனால், காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில் அந்த ஊர் இருக்கிறது. நாற்பது வீடு இருந்த இடத்தில் இன்று பதினேழு. மற்றவர்கள் திருப்பூருக்கும் துபாய்க்கும் போய்விட்டார்கள். ஒரே பேருந்து, அதுவும் டிரைவருக்கு உடம்பு சரியாக இருந்தால். அந்த ஊரையும் தாண்டி, வயல்களுக்குப் பின்னால் கிடப்பதுதான் உமிரித்திடல். உப்பு மண்ணில் மட்டும் படரும் உமிரிச் செடி மண்டிய மூன்று ஏக்கர். நடுவில் ஒரு மேடு, சுற்றிலும் பள்ளம். அவளைப் பெற்ற வாப்பா பக்கீர் முகம்மது மௌத்தான பிறகு சொத்தைப் பாகம் பிரித்தபோது கடையும் தென்னந்தோப்பும் ஆண்பிள்ளைகளுக்குப் போயின. பெண்பிள்ளைக்கு இது வந்தது. பட்டாவைக் கையில் கொடுத்தபோது ஜாபிர் சொன்னான்: "உன் பங்கை ஒரு குழி குறையாம குடுத்துட்டோம், நூரு." அளவு குறையவில்லைதான்.

குவைத்தில் வேலை பார்த்த கணவன் பாசித், ஆறு வருடத்துக்கு முன் அங்கேயே இறந்தான். அவன் உடல்கூட வரவில்லை. அன்று முதல் நூர்ஜஹான் அண்ணன் வீட்டுப் பின்கட்டில் ஒரே அறையில் இருக்கிறாள். பன்னிரண்டு ஆடுகள்தான் அவள் சொத்து, பிழைப்பு, பேச்சுத் துணை எல்லாம். அண்ணி எதையும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் ஒவ்வொரு தட்டையும் வைக்கும் சத்தத்தில் சொல்லிவிடுவாள். முத்துப்பேட்டையில் இரண்டு அறை ஓட்டு வீடு ஒன்று விலைக்கு இருந்தது. பத்து லட்சம். தை வரை பொறுப்பதாக வீட்டுக்காரர் வாக்குக் கொடுத்திருந்தார். நிலத்தை நல்ல விலைக்கு விற்றால் அந்த வீடு. இல்லையென்றால் சாகிறவரை பின்கட்டு.

அவள் தேநீரை இரண்டு கிளாஸில் ஊற்றினாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, இதுவரை செய்யாத ஒன்றைச் செய்தாள். அந்நிய ஆண் உட்கார்ந்திருந்த முன்னறைக்குத் தானே நடந்து போனாள்.

"நிலத்தை விக்கிறீங்களே காக்கா, நிலத்துக்காரியைக் கூப்பிடலியா?"

நாற்காலியில் இருந்தவர் ரகுராமன். அவருடைய அப்பா கல்யாணம் என்பவர் ஒரு காலத்தில் ஊரில் பாதி நிலத்துக்குச் சொந்தக்காரர். இவர் சென்னையிலேயே வளர்ந்து, பெரிய கம்பெனியில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது பக்கத்துப் பன்னிரண்டு ஏக்கரில் இரண்டாயிரம் முருங்கைக் கன்று வைத்திருக்கிறார். கன்று வைத்ததும் சித்திரையில். வருடா வருடம் அவர் ஊருக்கு வருவதும் கோடையில்தான், பேரப்பிள்ளைகளின் லீவில். இப்போது ஆவணியில் வந்திருப்பதே இந்தக் கிரயத்துக்காகத்தான்.

"தப்பா நினைக்காதீங்கம்மா" என்றார் ரகுராமன். "வழியில்லாத நிலம் அது. என் வரப்புல நடந்துதான் போகணும். ஆடு போகும். ஒரு வண்டி போகுமா? வாங்குறவன் ஹெலிகாப்டர்லதான் வந்து இறங்கணும்."

ஜாபிர் மறுபடி சிரித்தான்.

"வாங்க ஆள் இருக்கு" என்றாள் நூர்ஜஹான். "ஆட்டு டாக்டர் சுடர்விழி. ஒரத்தநாட்டுல படிச்ச பொண்ணு. ஊசி போட வந்தப்போ என் ஆடுங்களைப் பாத்துட்டு, இங்கயே பண்ணை வைக்கிறேன்னு சொல்லியிருக்கு. தீவன வண்டி வர்ற மாதிரி பாதை இருந்தா பதினொரு லட்சம். நீங்க பன்னண்டு அடி விடுங்க. அதுக்கு என்ன விலையோ, குடுத்துர்றேன்."

"நான் ஏம்மா விடணும்? பாதை இல்லாததாலதானே எனக்கு நாலு லட்சத்துக்கு வருது?"

அவர் அதைக் கெட்ட மனதோடு சொல்லவில்லை. கணக்குப் பாடம் சொல்வதுபோல் சொன்னார். அதுதான் அவளுக்கு அதிகமாகச் சுட்டது.

"சார், ஒரே ஒரு கார்த்திகையில வந்து உங்க நிலத்தைப் பாருங்க. அப்புறம் விலை பேசலாம்."

"மழையில நிலத்தைப் பாக்க என்னம்மா இருக்கு?" என்று அவர் எழுந்தார்.

என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். பல வருடம் முன்பு பெரிய வெள்ளம் வந்தபோது, ரகுராமனின் அப்பா கல்யாணம் வாப்பாவைத் தேடி வந்தார். "பக்கீரு, என் வயல் தண்ணி போக வழியில்லப்பா" என்று கையைப் பிடித்தார். வாப்பா உமிரித்திடலின் குறுக்கே தன் மண்வெட்டியால் ஒரு வடிகால் வெட்டினார். பத்திரம் இல்லை, வரைபடத்தில் கோடு இல்லை. இரண்டு பேர் வாய்ச்சொல். அந்தப் பன்னிரண்டு ஏக்கரின் மழைத்தண்ணீர் முழுக்க அந்த ஒரு வடிகாலில்தான் கடலைப் பார்த்து ஓடுகிறது. கோடையில் அது வெறும் பள்ளம். பார்ப்பவர்களுக்கு ஆடு நடந்த தடம் மாதிரி இருக்கும். வருடந்தோறும் புரட்டாசியில் அதில் அடைக்கும் கோரையையும் ஆகாயத்தாமரையையும் வெட்டி எறிகிறவள் நூர்ஜஹான். வாப்பா செய்தார், அதனால் அவளும் செய்தாள். அதற்கு யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. யாருக்கும் தெரியாது என்பதுதான் உண்மை.

அந்தப் புரட்டாசியில் ரகுராமனின் நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் கோவிந்தராசுவை அவள் வரப்பில் நிறுத்தினாள்.

"கோவிந்தராசு, இந்த வருஷம் வடிகாலை நான் வெட்டலை. நீங்க வந்து வெட்டிக்கிட்டாலும் தடுக்க மாட்டேன். உங்க ஐயாகிட்ட இன்னைக்கே சொல்லிடு. பின்னால சொல்லலைன்னு சொல்லக் கூடாது."

அவன் அவள் கண் முன்னாலேயே போன் போட்டான். பேசிவிட்டுத் தலையைச் சொறிந்தான். "அது ஏதோ அவங்க நிலத்துப் பள்ளம், நமக்கென்னன்னு சொல்றாரு அக்கா. சொட்டுநீர் போட்ட நிலத்துக்கு வடிகால் எதுக்குன்னு கேக்குறாரு."

"சரி. நீ சொன்னே, நான் கேட்டுக்கிட்டேன்."

ஐப்பசி ஏமாற்றியது. தூறல் மட்டும்தான். "உன் மழையை எங்கே காணோம்?" என்று ஜாபிர் சாப்பாட்டு நேரமெல்லாம் கேலி செய்தான். தை நெருங்கிக்கொண்டிருந்தது. நான்கு லட்சத்துக்கே கொடுத்துவிடலாமா என்று அவள் மனம் தளர்ந்த நாட்களும் உண்டு. தொழுகைப் பாயில் உட்கார்ந்து அவள் அழுததை ஆடுகள்கூடப் பார்க்கவில்லை.

கார்த்திகை பிறந்து ஐந்தாம் நாள் வானம் இடிந்து விழுந்தது.

மூன்று நாள் விடாத மழை. ஆடுகளைத் திடலின் மேட்டில் ஏற்றித் தார்ப்பாய்க்கு அடியில் கட்டினாள். அங்கிருந்து பார்த்தாள். பன்னிரண்டு ஏக்கர் இருந்த இடத்தில் ஓர் ஏரி கிடந்தது. முருங்கைக் கன்றுகளின் மேல்பாதி மட்டும் வெளியே தெரிந்தது. வேரில் தண்ணீர் நின்றால் முருங்கை சில நாள்தான் தாங்கும். அந்தக் கிளைகளைப் பார்த்தபோது, யாரோ இடுப்பளவு தண்ணீரில் நின்று கை நீட்டுவதுபோல் அவளுக்கு இருந்தது. மண்வெட்டியை எடுத்தாள். வைத்தாள். மறுபடி எடுத்தாள்.

அப்போது தூரத்தில், பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்தபடி ஒருவர் வரப்பைத் தடவித் தடவி வருவது தெரிந்தது. முன்னால் கோவிந்தராசு. பின்னால் குடையோடு ஜாபிர். மேட்டுக்கு வந்து சேர்ந்த ரகுராமன் மூச்சு வாங்கத் திரும்பிப் பார்த்தார். அறுபத்திரண்டு வயதில் முதல்முறையாகத் தன் நிலத்தைக் கார்த்திகையில் பார்த்தார்.

"என் நிலம் எங்கம்மா?" என்றார்.

நூர்ஜஹான் மண்வெட்டியை நீட்டிக் காட்டினாள். "அந்தா நிக்குது, வழி கேட்டுக்கிட்டு. இந்தப் பள்ளம்தான் சார் வழி. எங்க வாப்பா உங்க அப்பாவுக்கு வெட்டிக் குடுத்தது."

அவர் கோரை அடைத்த வடிகாலைப் பார்த்தார். ஏரியைப் பார்த்தார். இன்ஜினியர் அல்லவா, ஒரு நிமிடத்தில் புரிந்துவிட்டது. முகம் வெளுத்தது.

"நிலத்தை நானே வாங்கிக்கிறேன். பதினஞ்சு லட்சம். இப்பவே அட்வான்ஸ் தரேன்."

ஜாபிரின் குடை சரிந்து மழை அவன் தலையில் கொட்டியது. "பதினஞ்சாம் நூரு! அல்ஹம்துலில்லாஹ்னு சொல்லு!"

"டாக்டர் பொண்ணுக்கு வாக்குக் குடுத்துட்டேன் காக்கா."

"வாக்கா? நாலு லட்சம் அதிகம்டி, பைத்தியக்காரி!"

"பாதை கிடைச்சா உனக்குத்தான்னு சொன்னேன். அந்தப் புள்ளையும் மூணு மாசமா வேற இடம் பாக்காம காத்துக் கிடக்கு. இவர் தண்ணியில நிக்கிறாருன்னு நான் வாக்கு மாத்த முடியுமா?" அவள் ரகுராமன் பக்கம் திரும்பினாள். "சார், அன்னைக்குக் கேட்டதேதான். பன்னண்டு அடி பாதை. அதை நீங்க எழுதிக் குடுங்க, வடிகாலை நான் எழுதிக் குடுக்குறேன். நாளைக்கு நிலம் யார் கைக்குப் போனாலும் தண்ணி போகும், வண்டி வரும். ரெண்டும் பத்திரத்துல ஏறட்டும். நானும் உங்களுக்குத் தயவு பண்ண வேண்டாம், நீங்களும் எனக்குப் பண்ண வேண்டாம்."

ரகுராமன் செருப்பைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கைகளையும் கூப்பினார்.

"எழுதித் தரேம்மா. மழை விட்டதும், ரிஜிஸ்டர் ஆபீஸ் திறக்கிற முதல் நாள்."

அந்த ஒரு சொல் போதும் அவளுக்கு. முத்திரைத்தாளுக்குக் காத்திருக்கவில்லை. முக்காட்டை இறுக்கி முடிந்துகொண்டு வடிகாலில் இறங்கினாள். முதல் வெட்டில் கோரை வேரோடு வந்தது. கோவிந்தராசு மறுபக்கம் குதித்தான். சிறிது நேரம் கழித்து ரகுராமனும் இறங்கி, ஆகாயத்தாமரையைக் கை நிறைய அள்ளிக் கரையில் வீசினார். ஜாபிர் குடையை மடக்கி வைத்துவிட்டு, யாரும் அழைக்காமலே வந்து தங்கையின் பக்கத்தில் நின்று இழுத்தான். மதியத்துக்கு மேல் அடைப்பு தெறித்துப் போயிற்று. பன்னிரண்டு ஏக்கர் தண்ணீர் ஒரே நேரத்தில் உறுமிக்கொண்டு ஓடியது. சேறு வழியும் முகத்தோடு நூர்ஜஹான் வாய்விட்டுச் சிரித்தாள். கணவன் போன பிறகு அவள் அப்படிச் சிரித்ததை ஜாபிர் பார்த்ததில்லை.

கன்றுகளில் முக்கால்வாசி பிழைத்தன. மார்கழியில் ஒரே நாளில் மூன்று பத்திரம் பதிவானது. பாதைக்கு ஒன்று, வடிகாலுக்கு ஒன்று, சுடர்விழி பெயரில் கிரயம் ஒன்று. தை மூன்றாம் நாள் முத்துப்பேட்டை ஓட்டு வீட்டில் பால் காய்ச்சினாள் நூர்ஜஹான். பன்னிரண்டு ஆடுகளும் கொல்லையில் நின்றன. ஜாபிர் ஒரு மின்விசிறி வாங்கி வந்து, நாற்காலி போட்டு ஏறித் தானே மாட்டினான். அவன் அதை முடுக்கிக்கொண்டிருந்தபோது ரகுராமன் கையில் ஒரு ஃபைலோடு வந்தார்.

"உக்காருங்க சார். டீ குடிங்க."

அவர் குடித்தார். ஃபைலைத் திறந்தார், மூடினார்.

"எங்க அம்மா வழியில வந்த நாலு ஏக்கர், கடல் பக்கம், இன்னும் உள்ள கிடக்கு. பத்து வருஷமா போர்டு வெச்சுப் பாத்துட்டேன். ஒரு ஆள் எட்டிப் பாக்கலை. நீங்க வித்துக் குடுப்பீங்களா?"

நாற்காலியின் மேல் நின்ற ஜாபிர் ஸ்க்ரூவை நழுவவிட்டான்.

"விலையில நூத்துக்கு ரெண்டு எனக்கு" என்றாள் நூர்ஜஹான், அடுக்களையிலிருந்து சர்க்கரை கொண்டுவந்தபடி. "அப்புறம், ஆளுக்கு நிலத்தைக் கார்த்திகையிலதான் காட்டுவேன்."

"கார்த்திகையில பாத்தா யாரும்மா வாங்குவா?"

"கார்த்திகையில பாத்துட்டு வாங்குறவன்தான் சார் வாங்குறவன். சித்திரையில வாங்குறவன் திரும்பி வந்து சண்டை போடுவான்."

ரகுராமன் சிரித்தார். இந்தமுறை ஒத்து ஊத அவருக்கு யாரும் இல்லை. ஃபைலை அவள் கையிலேயே கொடுத்தார்.

"காக்கா" என்று அவள் அண்ணாந்து கூப்பிட்டாள், "நாளைக்கு நிலத்தைப் பாக்கப் போகணும். உங்க பைக் சும்மாதானே நிக்குது?"

"எத்தனை மணிக்கு நூரு?" என்றான் ஜாபிர், உடனே.

அவள் ஃபைலைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, ரகுராமன் செருப்பை மாட்டிக்கொண்டார். படி இறங்கி, தெருவில் நின்று திரும்பினார். "வரேம்மா" என்றார்.

"பத்திரமா போயிட்டு வாங்க சார். ஒரிஜினல் பட்டா இந்த ஃபைலுல இல்ல, அடுத்த தடவை மறக்காம எடுத்துட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு, நூர்ஜஹான் தன் வீட்டுக் கதவைச் சாத்தினாள்.