லிஃப்டில் வந்த போணி

நம்பச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் இது நடந்தது. 1996, பங்குனி மாதம், கோயம்புத்தூரில், பட்டப்பகலில். அங்கே இருந்தவர்கள் மூன்று பேர். இரண்டு பேர் இன்றுவரை அதைப் பற்றி வாயைத் திறப்பதில்லை. மூன்றாவது ஆள் தெய்வாத்தாள். அவள் கேட்பவர்களுக்கெல்லாம் சொல்லுவாள். குரலைக்கூடத் தாழ்த்தமாட்டாள்.

சுப்பண்ணன் ஸ்டோர்ஸ் அவள் புருஷன் எழுப்பிய கடை. மூன்று மாடி. ஊசியிலிருந்து பட்டுச்சேலை வரை கிடைக்கும். அந்த லிஃப்டில் ஒருதரம் ஏறிப் பார்ப்பதற்கென்றே பல்லடத்திலிருந்து பஸ் பிடித்து வருவார்கள். தினமும் முதலில் வரும் ஆளைச் சுப்பண்ணனே லிஃப்டில் கூட்டிப் போவார். மோதிரத்தால் கம்பிக் கதவில் இரண்டு தட்டு. டிங்... டிங். வண்டி கிளம்பும். மேலே போனவர் ஒரு கைக்குட்டையாவது வாங்காமல் கீழே வரமுடியாது. "போணி பண்ணாம இறங்கக் கூடாதுங்க கண்ணு" என்று சிரித்தபடி மறித்துக்கொள்வார். போணி ஆகிவிட்டால் கடை நடந்தே தீரவேண்டும். மழையானாலும் பந்த் ஆனாலும் இருட்டும்வரை ஷட்டர் இறங்காது.

அவர் போய் நாலு வருஷம். உடம்பெல்லாம் வீங்கி இறந்தார். விரலிலிருந்து மோதிரம் கழலவில்லை. அதோடுதான் எரித்தார்கள்.

பிறகு அவர் தம்பி அரங்கசாமி கைக்குப் போனது கடை. பல்லடத்தில் ஒரு கிளை, போத்தனூரில் ஒரு கிளை. எல்லாம் கடனில். கடைசியில் சென்னைக் கம்பெனி ஒன்று கிளைகளை வளைத்துப் போட்டது. மிச்சம் இருந்தது இந்தத் தாய்க்கடை மட்டும். கட்டடம் தெய்வாத்தாள் பெயரில் இருந்தது. அவள் கையெழுத்துப் போட்டால் அதுவும் போய்விடும். போர்டும் இறங்கிவிடும்.

கையெழுத்து வாங்கக் கம்பெனி அதிகாரி சபேசன் வந்திருந்தார். கடை பூட்டி இரண்டு மாதம். சரக்கு முழுக்கக் காலி. மின்சார மீட்டரையே கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். பாதி ஏற்றிய ஷட்டர் வழியாக வந்த வெயிலில் மூவரும் நின்றார்கள்.

"போட்டுருங்க அண்ணி. இனி இதை வெச்சுட்டு என்னத்தப் பண்றது?" என்றான் அரங்கசாமி.

"நீ வித்துப்போட்ட ரெண்டு போதாதா தம்பி? இதையும் முழுங்கோணுமா?"

சபேசன் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று பத்து. "அம்மா, எனக்கு டிரெயினுக்கு நேரமாகுது."

அவள் பேனாவை வாங்கினாள். விற்பனைப் பத்திரத்தைக் கல்லாமேல் விரித்தாள்.

டிங்... டிங்.

பேனா நின்றது.

மேலே எங்கோ ஒரு உறுமல். 'ர்ர்ர்ர்...' லிஃப்டின் மேல் வரிசை எண்கள் ஒளிர்ந்தன. மூன்று... இரண்டு... ஒன்று.

தெய்வாத்தாள் திரும்பி அரங்கசாமியைப் பார்த்தாள். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. அவளைவிட, அந்த அதிகாரியைவிட, அவன்தான் அதிகமாக நடுங்கினான். ஏன் என்று அப்போது அவளுக்குப் புரியவில்லை.

லிஃப்ட் வந்து நின்றது. கம்பிக் கதவு தானாக விலகியது. உள்ளே பல்பு எரிந்தது. திருநீற்று வாசம்...

சபேசன் சிரித்தபடி உள்ளே ஏறினார். "கரண்ட் இல்லைன்னீங்க? லிஃப்ட் நல்லாத்தானே ஓடுது. மேலேயும் ஒரு பார்வை பாத்துடறேன்."

அரங்கசாமி வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை.

கதவு மூடியது.

டிங்... டிங்.

லிஃப்ட் மேலே போனது.

மூன்றில் நின்றது. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை.

"அண்ணி... போயிரலாம் வாங்க..."

அவள் நகரவில்லை. கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தாள்.

"ஏனுங்க... நீங்கதானுங்களா?"



ர்ர்ர்ர்...

இரண்டு... ஒன்று.

கதவு விலகியது. சபேசன் நின்றிருந்தார். சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. கையில் பிரவுன் தாள் பொட்டலம். மேலே சணல் கயிறு. சுப்பண்ணன் கட்டும் அதே இரட்டை முடிச்சு.

தெய்வாத்தாள் வாங்கிப் பிரித்தாள். உள்ளே ஒரு புதுத் துண்டு.

மூன்றாம் மாடியில் ஒரு நூல்கூடக் கிடையாது.

"போணி பண்ணாம... இறங்க விடமாட்டேன்னுட்டார்" என்றார். பத்திரத்தை எடுக்கக்கூட மறந்து, தெருவில் இறங்கி ஓடினார்.

தெய்வாத்தாள் அந்தப் பத்திரத்தை நான்காகக் கிழித்தாள்.

"அண்ணி! என்ன பண்றீங்க?"

"கண்ணு தெரியலியா? போணி ஆயிருச்சு. போணி ஆன கடையை எவனாச்சும் மூடுவானா? ஷட்டரை முழுசா ஏத்துடா!"

அவன் ஏற்றவில்லை. ஓடிவிட்டான். அவளே ஏற்றினாள். இருட்டும்வரை வெறும் கடையில், கல்லாவில், தனியாக உட்கார்ந்திருந்தாள்.

கம்பெனி அப்புறம் வேறு யாரையும் அனுப்பவில்லை.

ஒரு வாரம் கழித்து, மறுபடி கடை போட, பழைய அலமாரிகள் வாங்க உக்கடத்துக்குப் போனாள். பழைய இரும்புக் கடை நாகூர் மீரான் அவளை அடையாளம் கண்டுகொண்டார். தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அம்மணி, தப்பா நெனைக்காதீங்க. உங்க லிஃப்ட் மோட்டாரும் கம்பி வடமும் எங்கிட்டத்தான் கெடக்குது. தை மாசமே உங்க கொழுந்தனார் உங்களுக்குத் தெரியாம கழட்டி வித்துப்போட்டாருங்க. ஆளுக ஏறுற பொட்டி மட்டுந்தான் அடிப்பள்ளத்துல கெடக்குது."

தை மாதம். சபேசன் மேலே போனது பங்குனியில்.

அவள் கையில் மயிர் சிலிர்த்து நின்றது.

"வேணும்னா வாங்குன வெலைக்கே தாரேனுங்க. எடுத்துக்கறீங்களா?"

தெய்வாத்தாள் முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"வேண்டாங்க பாய். எங்க ஊட்டுக்காரருக்கு அதெல்லாம் தேவைப்படலீங்க."