காதர் பாயின் பீரோ சாவி

காதர் பாய் இறந்துவிட்டார் என்று செல்போனில் செய்தி வந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, "யாரு சொன்னது?" என்பதுதான். அழவில்லை, விசாரித்தேன். பொன்னேரியில் அவர் வீட்டுக்குப் பக்கத்துக் கடைக்காரருக்குப் போன் போட்டேன். அவரும், "ஆமாங்க, காலைல நெஞ்சு வலின்னாரு, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிபோச்சி" என்ற பிறகுதான் நம்பினேன். என் பிறவிக்குணம் அது. இட்லியைக்கூடப் பிட்டு உள்ளே எட்டிப் பார்த்துத்தான் தின்பவன் என்று பாய் கிண்டல் செய்வார்.

கும்மிடிப்பூண்டியில் நம் வார்ப்புத் தொழிற்சாலையின் தரப் பரிசோதனைப் பிரிவில் எனக்கும் அவருக்கும் எதிரெதிர் மேசை. அவர் பொன்னேரியில் ரயில் ஏறுவார், நான் கவரைப்பேட்டையில். எனக்காக ஜன்னலோரத்தில் தன் சாப்பாட்டுப் பையைப் போட்டு இடம் பிடித்திருப்பார். எந்த மெஷின் மக்கர் செய்தாலும் அவர் சொல்வது ஒன்றுதான்: "மொதல்ல ஒயர சந்தேகப்படு. அப்பறம் பாயிண்ட. அப்பறம் பொட்டிய. மனுசன கடேசில." நான் தலையாட்டுவேன். அதோடு சரி.

இரண்டு வருடத்துக்கு முந்தைய ஆயுத பூஜை, நண்பர்களே, உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பிரிவுக்கு ஒரு புதுக் கம்ப்யூட்டர் வந்து, அது என் மேசைக்குப் போனது. பாய் வேலை பார்த்த பழையதைக் கழற்றிக் குடோனில் போட்டார்கள். மூன்று வருடச் சோதனை அறிக்கைகள் எல்லாம் உள்ளங்கை அளவு ஹார்டு டிஸ்க் ஒன்றில் இருந்தன. அதைப் பாய் தன் பீரோவில் பூட்டி வைத்திருப்பார். பூஜைக்காக அன்று வெளியே எடுத்துக் கொடுத்தார். விடுமுறை முடிந்து வந்து அதைப் புதுக் கம்ப்யூட்டரில் செருகினேன். டிஸ்கில் விளக்கு எரிந்தது. கம்ப்யூட்டரோ, இது என்ன பொருளென்றே தெரியவில்லை என்றது. மறுநாள் வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து தணிக்கைக்கு வருகிறார்கள். அறிக்கைகளைக் காட்டாவிட்டால் ஆர்டர் போய்விடும்.

எனக்கு ஒயர் தோன்றவில்லை, பாய்தான் தோன்றினார். கம்ப்யூட்டரைப் பிடுங்கிய கடுப்பில் மனுஷன் எதையோ செய்துவிட்டார்! பூஜை அன்று கடைசியாகக் கிளம்பியவரும் அவர்தானே? நேராக மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். "மத்தியானத்துக்குள்ள ரிப்போர்ட் வரலன்னா அந்தாளு நாளைலேர்ந்து வரவேணாம்" என்றார் மேனேஜர்.

இது எதுவும் தெரியாமல் பாய் வந்தார். "இன்னா தாமு, மூஞ்ச தொங்கப் போட்டுக்கினு குந்திகீற?" என்றார். டிஸ்க் விஷயத்தை மட்டும் சொன்னேன். உடனே வேறு ஒயர் மாற்றினார். பின்பக்கத்துப் பாயிண்டில் செருகிப் பார்த்தார். குடோனுக்குப் போய்ப் பழைய கம்ப்யூட்டரைத் தோளில் தூக்கிவந்து அதிலும் போட்டார். அதிலும் தெரியவில்லை. 'அப்படியானால் டிஸ்கையே கெடுத்திருக்கிறார், இப்போது நடிக்கிறார்' என்று நினைத்துக்கொண்டு அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வார்ப்பில் விரிசல் பார்க்கும் பூதக்கண்ணாடியை எடுத்து, டிஸ்கில் ஒயர் போகும் சின்ன ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். பல்குத்தும் குச்சியால் மெல்லக் கிளறினார். மஞ்சளாய் ஒரு பொருக்கு என் மேசைமேல் விழுந்தது. சந்தனம்.

பூஜை அன்று கம்ப்யூட்டரிலிருந்து ஸ்கேல் வரைக்கும் பொட்டு வைத்தவன் நான். டிஸ்குக்கும் தாராளமாக அப்பியிருந்தேன், சரியாக அந்த ஓட்டை மேலேயே.

"பொட்டு வெச்சியே நைனா, ஓட்டைய பாத்து வெக்கக்கூடாதா?" என்று பாய் வயிறு குலுங்கச் சிரித்தார். ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, காயவிட்டுச் செருகினார். அத்தனை அறிக்கைகளும் வந்து நின்றன. மேனேஜர் எட்டிப் பார்த்து, "இன்னாய்யா ஆச்சி?" என்றார். "தூசி சார்" என்றார் பாய். நான் மேசைமேல் கிடந்த பொருக்கைத் துடைத்துவிட்டேன்.

அவர் வேலை தப்பியது. ஆனால் நான் போட்ட சந்தேகம் மேனேஜர் மனத்தை விட்டுப் போகவில்லை. அடுத்த வாரமே பீரோ சாவியை என்னிடம் கொடுக்கும்படி பாயிடம் சொல்லிவிட்டார். பாய் எந்தக் கேள்வியும் கேட்காமல் நீட்டினார். "பூட்டு கொஞ்சம் மொரண்டு புடிக்கும் தாமு, மெதுவா திருப்பு" என்றார். மறுநாளும் ஜன்னலோரத்தில் எனக்காகப் பை இருந்தது. மேனேஜரிடம் போட்டுக்கொடுத்தவன் நான்தான் என்று அவருக்குத் தெரிந்திருக்குமோ? தெரிந்திருக்கும் என்றுதான் இன்றுவரை சந்தேகப்படுகிறேன்.

நண்பர்களே, பாய் டிஸ்கில் ஏதோ கோல்மால் செய்தார் என்று மோல்டிங் பிரிவு வரைக்கும் ஒரு பேச்சு ஓடியதே, அது பொய். ஆரம்பித்தவன் நான். இரண்டு வருடமாக இதைச் சொல்ல எனக்குத் துப்பில்லை. அடக்கம் முடிந்த மறுநாள் மேனேஜரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். "ஆளே போய்ட்டாரு, இப்ப எதுக்குய்யா அதெல்லாம்?" என்றார்.

அவர் நினைவாக என்னிடம் இருப்பது அந்தச் சாவிதான். தினமும் மெதுவாகத்தான் திருப்புகிறேன். ஒருநாளாவது, "இது உங்களுது பாய்" என்று அவர் கையில் வைத்திருக்கலாம். வைக்கவில்லை.